நளீமின் வேனும் பெரிய சென்சரும்

நளீமுக்கு நான் நாற்பத்தெட்டாயிரம் ரூபா கடன்பட்டிருந்தேன். அவன் என் கையில் ஒரு சதமும் தந்ததில்லை. அப்படியிருந்தும் அது கடன்தான்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு பழைய லேண்ட் மாஸ்டர் உழவு மெஷினைப் பிடித்துக்கொண்டு சாகாமத்து வயல்களில் கூலிக்கு உழுதவன். இன்று சொந்த நெல் மில், இரண்டு லொறி. வங்கிக்குள் நான் போனால் மனேஜர் எழும்பி நின்று கதிரை காட்டுவார். கச்சிமுகம்மதுவின் மில் என்று கல்முனையில் எந்த ஆட்டோக்காரனிடம் கேட்டாலும் கொண்டுவந்து விடுவான். ஆனால் நான் எழுத வந்தது நளீமின் கதையை.

நளீம் வேன் ஓட்டுகிறவன். காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவான். மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை கண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு நோயாளிகளைக் கொண்டுபோவான். வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கிளினிக் ஓட்டத்தால்தான். மலைப்பாதையில் சத்தி எடுப்பவர்களுக்கென்று தேசிக்காயும் இஞ்சித் துண்டும் முன்னால் வைத்திருப்பான். பாண்டிருப்புச் செல்லத்தங்கத்துக்குச் சிறுநீரக வருத்தம், கால் வீங்கி நடக்கமாட்டாள். அவளுக்காக நடுச் சீற்றில் ஒரு தலையணை கிடக்கும். காசு குறைந்தவர்களிடம் "அடுத்த தரம் தாங்க" என்பான். அடுத்த தரம் கேட்கவும் மாட்டான். இப்படித் தொழில் செய்தால் உருப்படமாட்டாய் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போவான்.

அவன் வீட்டு ஒழுங்கைக்குள் வேன் நுழையாது. அதனால் என் மில் வளவில்தான் நிறுத்துவான்.

போன பெரும்போக நெல் வெட்டு நேரம் வேன் இழுவை குறைந்து போனது. கராஜில் காட்டிவிட்டு என்னிடம் வந்தான்.

"காக்கா, காத்தளக்கிற சென்சராம் பிழை. எஞ்சினுக்குள்ள எவ்வளவு காத்து போகுது எண்டு கொம்பியூட்டருக்குச் செல்ற சாமான். கழுவிப் போட்டன். மறுகாவும் அழுக்குப் புடிச்சிட்டு."

"புதுசு போடன்."

"அதான் யோசிக்கிறன். இதே அளவுல ஒண்டு போடலாம். இல்லாட்டி ஒரு கடையில பெரிய வாய் உள்ளது இரிக்கி. கூடக் காத்து போகும், இழுவையும் கூடும் எண்டு செல்றாங்க. நாப்பத்தெட்டாயிரமாம். ஆனா எஞ்சின்ட கொம்பியூட்டருக்குச் சின்னதுட கணக்குத்தான் தெரியும். பெருசு போட்டா பிழையா அளந்துபோடுமோ எண்டு பயமா இரிக்கி."

எனக்குச் சிரிப்பு வந்தது. "தம்பி, பத்துக் குதிரை மோட்டரைக் கழட்டி இருபது குதிரை போட்ட அண்டைக்குத்தான் இந்த மில் மில்லாகின. சின்னதைக் கட்டிப் புடிச்சிட்டு நிண்டவன் எவன் முன்னுக்கு வந்த?"

"காசுக்கு எங்க போற காக்கா?"

"ஸம்றாட காப்பு இரிக்கிதானே. நாலு கிளினிக் ஓடினா மீட்டிரலாம்."

அவன் பெண்சாதியின் காப்பை நினைவுபடுத்தியது நான்தான். அடுத்த நாளே காப்பு அடகுக்கடைக்குப் போனது, பெரிய சென்சர் வேனுக்குள் ஏறியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் மனைவி றாஹிலாவின் கண்ணைக் காட்ட நானும் அதே வேனில் போனேன். மகியங்கனை தாண்டும் வரைக்கும் பெரிய சென்சரின் பெருமையை நான் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டே வந்தேன். வளைவுப் பாதை தொடங்கியது. வேன் இருமியது, குலுங்கியது, பிறகு நடுவழியில் நின்றேவிட்டது. செல்லத்தங்கத்தை மட்டும் உள்ளே விட்டுவிட்டு மற்றவர்கள் இறங்கினோம். பாரம் குறைந்ததும் வேன் ஊர்ந்தது. அதன் பின்னால் வெயிலில் நாங்கள் நடந்தோம். லொறிக்காரர்கள் எங்களுக்கு ஹோர்ன் அடித்துச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

செல்லத்தங்கம் யன்னலால் தலையை நீட்டினாள். "முதலாளி, பெருசு பெருசு எண்டு நீங்கதானே செல்லி வந்தீங்க. இப்ப எட்டிப் பெருசா நடங்களன்!"

எல்லோரும் சிரித்தார்கள். றாஹிலாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு மர நிழலில் நிறுத்தி நளீம் காற்று பில்டர் இருக்கும் பெட்டியைத் திறந்தான். உள்ளேயிருந்த பில்டர் ஒயிலில் ஊறி, உமித் தூசு சேறாக அப்பிக் கிடந்தது. சென்சரின் மெல்லிய கம்பியிலும் ஒயில் படிந்திருந்தது.

"இதுக்குள்ள ஆரு ஒயில் ஊத்தின?" என்றான்.

ஊற்றியது நான். லேண்ட் மாஸ்டரின் பில்டர்க் கிண்ணத்தில் ஒயில் விட்டால்தான் வயல் தூசு எஞ்சினுக்குள் போகாது. அந்த வேலையில்தான் நான் ஆளானவன். வெட்டுக் காலத்தில் என் வளவு முழுக்க உமித் தூசு. பாவம் நளீமின் வேன் என்று நினைத்து, வெள்ளிக்கிழமைகளில் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து அவனுடைய பில்டருக்கும் ஒயில் விட்டேன். அது கடதாசிப் பில்டர், ஒயில் படக்கூடாதது. முதல் சென்சர் அழுக்குப் பிடித்ததும் அந்த ஒயிலால்தான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் எவரிடமும் கேட்டுச் செய்கிற ஆளில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் வாய் சொன்னது இதுதான்: "அந்தக் கராஜ்காரன்ட வேலையாத்தான் இரிக்கும்."

நளீம் என்னைப் பார்த்தான். பில்டரை எடுத்து வீசிவிட்டு, கழுவி வைத்திருந்த பழைய சின்னச் சென்சரையே திரும்பப் பூட்டினான். வேன் மலை ஏறியது.

நாங்கள் போய்ச் சேரும்போது கிளினிக் முடிந்திருந்தது. செல்லத்தங்கத்துக்கு வேறு திகதி போட்டுக் கொடுத்தார்கள். அவளுடைய மகன் கிசோக், அங்கே காத்து நின்றவன், ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே நளீமை ஏசினான். "மனிசரை ஏத்துறியா, மாட்டை ஏத்துறியா? அம்மாக்கு ஏதும் நடந்தா நீயா பொறுப்பு?"

"என்ட பிழைதான் தம்பி," என்றான் நளீம்.

அவன் அதைச் சொல்லும்போது நான் பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இனிப்புத் தெரியவில்லை, ஆனால் குடித்தேன்.

அதோடு கிளினிக் ஓட்டம் வேறொரு வேன்காரனுக்குப் போனது. காப்பு அடகிலேயே கிடந்தது. நளீம் அதன்பின் என் வளவில் வேனை நிறுத்தவில்லை. "பொடியனுக்குப் பெருமை வந்திட்டு" என்று ஆட்களிடம் சொன்னேன். அப்படிச் சொன்ன வாய் என்னுடையது.

இந்த வருசம் மக்காவுக்கு உம்ராப் பயணம் போக நாள் குறித்தோம். போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பிழை பொறுக்கக் கேட்பது எங்கள் வழக்கம். எல்லா வீட்டிலும் "பொறுத்திட்டம், எங்களுக்கும் துஆ செய்யுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நளீமின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

"ஏதும் பிழை நடந்திருந்தாப் பொறுத்துக்க தம்பி," என்றேன்.

"என்ன பிழை காக்கா?"

"ஏதும் நடந்திருந்தா எண்டுதான்..."

"நடந்திருந்தா எண்டு பொறுக்க ஏலாது. செல்லுங்க. செல்லினாப் பொறுக்கிறன்."

ஸம்றா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு மணிக்கட்டும் வெறுமையாக இருந்தன.

எத்தனையோ கூட்டத்தில் எழும்பிப் பேசியவன் நான். அன்று தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "பில்டருக்குள்ள ஒயில் ஊத்தின நான்தான். பெருசு போடச் செல்லினதும் நான்தான்."

"ஒயில் ஊத்தின ஆளை அந்த மலையிலேயே எனக்குத் தெரியும் காக்கா. மில் வளவுக்குள்ள வேற ஆரு வாற? தெரியாம ஊத்தினதுக்கு எனக்குக் கோவம் இல்ல. அந்தப் பொடியன் என்னய ஏசக்குள்ள நீங்க டீ குடிச்சிட்டு நிண்டீங்க பாருங்க, அதுதான்."

நாற்பத்தெட்டாயிரம் ரூபா போட்டுக் கொண்டுவந்த உறையை மேசையில் வைத்துவிட்டு எழும்பப் போனேன்.

"வெச்சிட்டுப் போகாதீங்க. எண்ணித் தாங்க," என்றான். "மறுகா பாண்டிருப்புக்கும் போங்க. செல்லத்தங்கம் அக்காட்டயும் உங்கட வாயால செல்லணும்."

"ஓம், போறன்."

அவன் கையை நீட்டி விரித்தான். மில்லில் கட்டுக் கட்டாக எண்ணிப் பழகிய விரல் எனக்கு. அன்று ஒரு தாள் மற்றத் தாளோடு ஒட்டிக்கொண்டது, நாக்கில் தொட்டுப் பிரித்தேன். ஐயாயிரம், பத்து, பதினைந்து என்று வாய்விட்டு எண்ணினேன். ஸம்றா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்தாயிரத்துக்குமேல் ஆயிரம் ரூபாத் தாள் மூன்றை ஒவ்வொன்றாக அந்த விரித்த கைக்குள் வைத்தேன்.