மூக்கண்ணனின் அணைப்பு

யார் வெளியே போய்த் திரும்பினாலும் வாசலிலேயே மறித்துக் கட்டிப்பிடித்துவிடுவார் மூக்கண்ணன். "ஸ்தோத்திரம், வாய்யா ராசா" என்று கன்னத்தோடு கன்னம் ஒட்டும். அதே மூச்சில் மூக்கு ஓர் இழுப்பு இழுத்துக்கொள்ளும். குடியை விட வந்தவர்களுக்காகச் சபை நடத்தும் அந்த விடுதியில் வாசல் அவர் பொறுப்பு. வாடை இல்லையென்றால் முதுகில் பலமாகத் தட்டிக்கொடுப்பார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே சமையல்கார அக்கா டீ ஊற்றுவாள்.

"அண்ணே, இது பாசமா, மோப்பமா?" என்று கேட்டான் புதிதாக வந்த ஒருவன்.

"ரெண்டும்தான்டா. கர்த்தர் கையும் குடுத்தாரு, மூக்கும் குடுத்தாரு. எதையும் சும்மா வெச்சிருக்கக் கூடாது."

அவரும் குடித்துக் கெட்டு, அங்கே வந்து தெளிந்தவர்தான். கை நடுங்குகிறவனுக்குத் தம்ளரைப் பாதிதான் நிரப்புவார். ஜெபம் நீளாது: "இவனைப் பாத்துக்கோங்க ஆண்டவரே, நானும் பாத்துக்கறேன்." ஒருமுறை, சர்க்கரை ஏறிப்போனவர் ஒருவரின் பழவாடை மூச்சைக் குடி என்று நினைத்துத் திருப்பி அனுப்பப் பார்த்தார். விடுதி நர்ஸ் கிழிகிழியென்று கிழித்துவிட்டாள். அதிலிருந்து சந்தேகம் வந்தால் ஊதச் சொல்லி மறுபடி முகர்வார்.

அவருடைய மகனும் இப்போது அங்கேதான் இருக்கிறான். ஏற்கெனவே ஒருமுறை குடித்துவிட்டு வந்து மன்னிப்பு வாங்கியவன். இனியொரு முறை என்றால் அவன் படுக்கை, காத்திருக்கும் அடுத்தவனுக்குப் போய்விடும். யாராயிருந்தாலும் ஒரே ஒரு மன்னிப்பு, அதற்குமேல் கிடையாது என்ற அந்தச் சட்டத்தைப் போதகரிடம் மன்றாடிப் போட வைத்ததே மூக்கண்ணன்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மகன் தன் பிள்ளையைப் பார்த்துவரப் போயிருந்தான். அப்பா வாசலைக் கூட்டினார். கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டினார்.

"தரை தேஞ்சிரப் போகுதுண்ணே."

"நீ பேசாம டீயைப் போடும்மா. அவன் வந்துருவான்."

வந்தான். சொன்ன நேரத்துக்கே வந்தான். நடை நேராகத்தான் இருந்தது. "தாத்தா எங்கேன்னு பாப்பா கேட்டாப்பா" என்றான். மூக்கண்ணன் அவனைக் கட்டிக்கொண்டார்.

கிராம்பு மணந்தது.

குடித்த காலத்தில் அவரும் கிராம்பை மென்றுகொண்டுதான் வீட்டுப் படியேறுவார். இதே மகன், தவழ்ந்து எழுந்த வயதில், ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா வாசமா இருக்கு" என்பான். அந்த வாசம்தான் இது. கிராம்புக்கு அடியில் இருந்ததும் அதேதான். ஊதச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்னப்பா, விடவே மாட்டேங்கறீங்க?"

உள்ளே அக்கா டீப் பாத்திரத்தைச் சாய்த்தபடி, சத்தத்துக்காகக் காதைக் கொடுத்து நின்றாள். மூக்கண்ணனின் வலக்கை மகனின் முதுகுக்குப் பின்னால் எழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தட்டாமல் இறங்கி, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.