கண்ணடிக்காத கடைக்காரர்

மயிலாடுதுறையில் நரம்பியல் மருத்துவராக நான் உட்காரும் அறைக்கு "கை கால் அசதி" என்று வருகிறவர்களே அதிகம். அசதி வேறு, தசை பலவீனம் வேறு. அதனால் "எதைச் செய்ய முடியலை?" என்றுதான் முதலில் கேட்பேன்.

அன்று சாயங்காலம் நாகூரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஜவுளிக்கடைக்காரரிடமும் அதையே கேட்டேன். அவர் மனைவி முந்திக்கொண்டார்.

"காலையில எல்லாம் செய்யறாங்க டாக்டரம்மா. பொழுது சாய்ஞ்சா கல்லாவுல உக்காந்து தூங்கறாங்க. அது போதாதுன்னு சேலை எடுக்க வர்ற பொம்பளைங்களப் பார்த்துக் கண்ணடிக்கறாங்க!"

"அடிக்கல டாக்டர்," என்றார் அவர். இடது இமை பாதிக் கண்ணுக்குத் தொங்கியிருந்தது. "ஒரு சேலை ரெண்டாத் தெரியுது. ஒரு கண்ண மூடினா ஒண்ணாயிடுது."

கைகளை முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் நீட்டினார், கொஞ்ச நேரத்தில் இரண்டும் தாமாகவே இறங்கின. சத்தமாக எண்ணச் சொன்னேன். போகப் போகக் குரல் மூக்கில் ஏறியது. தொடு உணர்ச்சியில் குறையில்லை. முழங்காலில் தட்டினால் கால் ஒழுங்காகத் துள்ளியது.

"சாப்பாடு?"

"முதல் நாலு வாய் சரி. அப்புறம் தாடை ஓஞ்சுடும். கையால முட்டுக்கொடுத்து மெல்லுவேன்."

மனைவி திரும்பிப் பார்த்தார். "என் சமையல் பிடிக்காமத்தான் பாதியில எழுந்திரிக்கறீங்கன்னு நெனச்சேன்!"

"சொன்னா கஞ்சி காய்ச்சிடுவியே."

மூச்சுத் திணறல், புரையேறுதல் உண்டா என்று கேட்டேன். அதுதான் இதில் ஆபத்தான இடம். நல்லவேளை, இரண்டும் இல்லை.

எனக்கு ஒரு சந்தேகம். அதைப் பார்க்க ஐஸ் வேண்டும். நர்ஸ் பக்கத்து ரோஸ்மில்க் கடைக்குப் போய் வாங்கிவந்தார். கையுறைக்குள் போட்டு அந்த இமையின் மேல் வைத்தேன். கதவிடுக்கில் வெளியே காத்திருந்தவர்களின் தலைகள் முளைத்தன. ஐஸை எடுத்ததும் இமை மேலே ஏறிக் கண் முழுசாகத் திறந்தது.

"எனக்கும் முழங்கால்ல கொஞ்சம் வைங்களேன்," என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

"நரம்பு சொல்ற சேதி தசைக்குப் போய்ச் சேரல," என்று விளக்கினேன். "வேலை செய்யச் செய்ய இன்னும் குறைஞ்சுடும். குளிர்ச்சி பட்டா கொஞ்ச நேரம் சரியாகும். தூக்கமுமில்ல, சேட்டையுமில்ல. இது வியாதி."

அந்த அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "தூங்கறாங்கன்னு முகத்துல பச்சத்தண்ணிய அடிச்சேனே!"

"அப்பல்லாம் கண்ணு நல்லாத்தான் தொறந்துது," என்றார் அவர், ஆறுதலாக.

ரத்தப் பரிசோதனை என் சந்தேகத்தை உறுதி செய்தது. இந்த வியாதி உள்ள சிலருக்கு நெஞ்சுக்குள் கட்டி இருக்கும்; ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் போட மாத்திரை கொடுத்தேன். சில மருந்துகள் இந்த வியாதியை மோசமாக்கும் என்பதால், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள் என்று அந்த அம்மாவிடம் அழுத்திச் சொன்னேன்.

அடுத்த முறை இரண்டு கண்களும் விரியத் திறந்திருக்க, கணீரென்ற குரலோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"நீங்க டாக்டர்ங்ககிட்டதான சொல்லச் சொன்னீங்க? இவ ஊர் முழுக்கச் சொல்லிட்டா. டீக்கடைக்காரர், 'இது உங்களுக்கு ஒத்துக்குமா பாய்?'னு கேட்டுட்டுத்தான் கிளாஸையே நீட்டறார்."