மேசையை இடித்தது யார்?

கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டித்தான் எங்கள் வீடு. வெப் கேமரா வாங்கிய புதிதில், பிளாஸ்டிக் கட்டைகளில் செய்த பொம்மையை நடக்க வைத்தே தீருவதென்று உட்கார்ந்தேன். ஒரு படம் எடுத்து, காலை எள்ளளவு நகர்த்தி, அடுத்த படம். எடுத்த படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் காட்சியே குலுங்கியது. பெருக்கும்போது மேசையை இடித்துவிட்டாள் என்று மனைவியைக் கண்டபடி திட்டினேன்.

மறுநாள் அவள் மேசைமேல் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தாள். கூட்ஸ் வண்டி போனது. தண்ணீர் தளும்பி வழிந்தது. பழகிப்போன அதிர்வு, எனக்கு உறைக்கவே இல்லை.

“இப்ப யாருய்யா இடிச்சாங்க?”

நான் முதலிலிருந்து படமெடுக்க ஆரம்பித்தேன். அவள் வாசலில் நின்று, “வண்டி வந்துகினு கீது, நிறுத்துய்யா” என்பாள்.

பொம்மை நடந்துவிட்டது. பழைய குலுங்கலையும் படத்தின் தொடக்கத்தில் விட்டுவைத்திருக்கிறேன். ஏனென்று கேட்பவர்களிடம், என் தப்பு என்கிறேன். அவளிடம்தான் இன்னும் சொல்லவில்லை.