கம்ப்யூட்டர் கிளப்பின் இணைச் செயலாளர்

மகள் புவனேஸ்வரி கல்லூரியில் கம்ப்யூட்டர் கிளப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது அரும்பாவூர் சாமிக்கண்ணு வெங்காயம் சேமித்துவைக்கிற பட்டறைக்கு ஓலை மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த கிளப் ஒன்றே ஒன்றுதான். அது பெரம்பலூரில் ஒரு மாடியில் இருந்தது. ஜன்னலுக்கெல்லாம் பச்சைத் திரை போட்டிருக்கும். உள்ளே கைக்கடிகாரத்தோடு போனவர்கள் வெறுங்கையோடு இறங்கி வருவார்கள்.

"பொம்பளப் புள்ளைங்களையுமா சேக்கறாங்க?" என்று கேட்டார்.

"அது சீட்டாடற கிளப் இல்லப்பா. அங்க கம்ப்யூட்டர்ல போட்டியெல்லாம் வைப்பாங்க" என்றாள் புவனேஸ்வரி.

"போட்டின்னா பந்தயந்தானே?"

"வாத்தியாருங்களே முன்னால நின்னு நடத்தறாங்களாம், விடுங்க" என்று அவர் மனைவி அம்மாக்கண்ணு உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். வாத்தியார்களும் கெட்டுப்போய்விட்டார்கள் என்று சாமிக்கண்ணு முடிவுகட்டியதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

2002ஆம் வருஷம் அது. கல்லூரி, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் இருந்தது. தாளாளர் நல்லதம்பி அதற்கு முன்னால் கல் குவாரி நடத்தியவர். ஜல்லிக்கு விலை இறங்கிய வருஷம் பார்த்து இன்ஜினியர்களை உற்பத்தி செய்ய ஆரம்பித்தார். கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வரப்போகிறது, மாணவர் மன்றம் உண்டா என்று அவர்கள் கேட்பார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டார்கள். மறுநாள் கம்ப்யூட்டர் கிளப் என்ற மன்றம் பிறந்துவிட்டது. அதன் பலகையில் 'தொடக்கம்: 2000' என்று எழுதியிருந்தது. பலகையில் பெயின்ட் இன்னும் காயவில்லை.

மன்றத்தில் உறுப்பினர்களைவிடப் பதவிகள் அதிகம். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், அமைப்பாளர், ஒருங்கிணைப்பாளர் என்று போய்க்கொண்டே இருந்தது. அமைப்பாளருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் என்ன வித்தியாசம் என்று துறைத் தலைவர் குழந்தைவேலைக் கேட்டதற்கு, "ரெண்டு பேருக்கும் வேற வேற பேட்ஜ்" என்றார். செயலாளர் அருள்முருகன். பெரம்பலூர்க்காரன். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவன். இணைச் செயலாளராகப் புவனேஸ்வரியைப் போட்டார்கள். அவள் வகுப்பில் எல்லோரையும்விட நன்றாகப் புரோகிராம் எழுதுவாள் என்பது அதற்குக் காரணமில்லை. வாசலில் நின்று பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, விருந்தினரை வரவேற்க ஒரு பெண் வேண்டியிருந்தது.

முதல் போட்டி, மன்றத்தின் தொடக்க விழாவன்றே நடந்தது. புரோகிராம் எழுதும் போட்டி. ஆனால் கம்ப்யூட்டரில் அல்ல. லேபில் இருந்த மெஷின்களுக்கெல்லாம் பூப்போட்ட துணியுறை தைத்து மாட்டியிருந்தார்கள். பார்வைக் குழு வருவதற்குள் அதை எடுத்தால் தூசி படியும் என்று தாளாளர் உத்தரவு போட்டிருந்தார். அதனால் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏ.சி. குளிரில் கம்ப்யூட்டருக்கு எதிரில் உட்கார்ந்து, காகிதத்தில் எழுதினார்கள்.

ஒன்று முதல் நூறு வரை எண்களைத் திரையில் வரவைக்க வேண்டும் என்பது கேள்வி. கம்ப்யூட்டரிடம் ஒரு வேலையை ஒரே தடவை சொல்லி, அதையே நூறு தடவை செய்யவைக்க வழி உண்டு. புவனேஸ்வரி அப்படித்தான் எழுதினாள். நான்கே வரி. எழுந்து கொடுத்துவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றாள். உள்ளே அவ்வளவு குளிர். அருள்முருகனோ ஒன்றைக் காட்டு, இரண்டைக் காட்டு, மூன்றைக் காட்டு என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரியாக நூறு வரி எழுதினான். நடுவில் இரண்டு தடவை கூடுதல் காகிதம் வாங்கிக்கொண்டான். பிறகு எல்லாவற்றையும் நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தான்.

முதல் பரிசு அருள்முருகனுக்கு. புவனேஸ்வரிக்கு ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அவள் காகிதத்தின் மேல், 'இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

அவள் நேரே குழந்தைவேல் அறைக்குப் போனாள். "சார், நான் எழுதினது சரிங்களா, தப்புங்களா?"

"சரிதாம்மா. யாரு இல்லன்னா?"

"அப்புறம் எதுக்குங்க சார் ஆறுதல் பரிசு?"

குழந்தைவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அடிப்படையில் மெக்கானிக்கல் துறைக்காரர். கம்ப்யூட்டர் துறைக்கு ஆள் கிடைக்காததால் இந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டவர். "நீயே சொல்லு. பரீட்சையில நாலு வரி எழுதி வச்சா எவன் மார்க் போடுவான்? அந்தப் பையன் எவ்வளவு பாடுபட்டிருக்கான் பாரு. கை வீங்கிப்போச்சாம்."

புவனேஸ்வரி டிபன் பாக்ஸோடு பஸ் ஏறினாள். அழுகைகூட வரவில்லை அவளுக்கு. துணியுறைக்கு உள்ளே இருக்கிற மெஷினில் தன் நான்கு வரியை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் போதும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வருஷம் தாளாளருக்கு வேறொரு ஆசை வந்தது. மற்ற கல்லூரிகளை எல்லாம் அழைத்துப் பெரிய விழா நடத்த வேண்டும். சாலை நெடுக பேனர். மதியம் பிரியாணி. வெளியூர்ப் பிள்ளைகள் வந்து காகிதத்தில் எழுதச் சொன்னால் சிரிப்பார்கள் என்று புவனேஸ்வரி பக்குவமாக எடுத்துச் சொன்னதில் துணியுறைகளைக் கழற்ற அனுமதி கிடைத்தது. கேள்வி தயாரிக்கிற வேலையையும் அவளிடமே விட்டார்கள். வேறு யாரும் அதற்கு முன்வரவில்லை. பேனரில் யார் படம் பெரிதாக வருவது என்பதில் மற்ற பதவிக்காரர்கள் மும்முரமாக இருந்தார்கள்.

அவள் ஆசையாசையாக ஒரு கேள்வி தயாரித்தாள். சர்க்கரை ஆலைக்கு வருகிற கரும்பு லாரிகளின் எடையைக் கூட்டி, எது கனமான லோடு என்று சொல்ல வேண்டும். எறையூர் ஆலைப் பக்கம் போனபோது லாரிகள் வரிசையில் நின்றதைப் பார்த்து அவளாக யோசித்தது. எழுதி, ஓட்டிப் பார்த்து, சரியாக வந்ததும் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் தாளாளர் அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. அங்கே குழந்தைவேலும் இருந்தார்.

"ஏம்மா, கப்பு யாருக்கு?" என்றார் நல்லதம்பி.

"போட்டி நாளைக்குத்தாங்க ஐயா."

"அது தெரியும். நம்ம பந்தல், நம்ம பிரியாணி. கப்பை மட்டும் திருச்சிக்காரன் தூக்கிட்டுப் போறதா? நல்லா இருக்குதா சொல்லு?"

குழந்தைவேல் இடையில் புகுந்து, "உன்கிட்ட விடை இருக்குல்லம்மா? அதை அருள்முருகன்கிட்ட குடுத்துடு. ராத்திரிக்குள்ள நெட்டுரு போட்டுருவான்" என்றார்.

அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கேள்வியை வேறு யாரையாவது விட்டுத் தயாரிப்பார்கள். காகிதமும் துணியுறையும் திரும்பி வரும். வராந்தாவில் கோட்டோடு காத்திருந்த அருள்முருகனிடம் கரும்பு லாரி விடையைக் கொடுத்தாள். அவன் ரொம்ப மரியாதையாக, "தேங்க்ஸுங்க" என்றான்.

பஸ்ஸில் அரும்பாவூர் போய்ச் சேர்கிற வரை யோசித்தாள். காலையில் முதல் பஸ்ஸில் வந்து, கேள்வியை மாற்றிவிட்டாள். புதுக் கேள்வி, பெயர்களை அகரவரிசையில் அடுக்குவது. தாளை அவளே நகல் எடுத்து, மணி அடித்ததும் ஒவ்வொருவர் மேஜையிலும் வைத்தாள்.

எல்லோரும் தாளைப் படித்தார்கள். அருள்முருகன் மட்டும் படிக்கவில்லை. மனப்பாடம் மறந்துபோவதற்குள் இறக்கிவைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் விறுவிறுவென்று தட்டினான். முதல் ஆளாகக் கையைத் தூக்கினான். தாளாளர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பெருமையோடு தலையாட்டினார்.

நடுவராகத் திருச்சியிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். அவன் மெஷினில் புரோகிராமை ஓட்டினார். லாரி எத்தனை என்று அது கேட்டது.

"என்ன தம்பி, லாரிங்கறது?"

"அது வந்துங்க மேடம்... லோடு."

"பேருங்களைத்தானே வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கு?"

அருள்முருகன் அப்போதுதான் தாளைத் திருப்பிப் பார்த்தான். ஏ.சி. அறையில் அவனுக்கு வேர்த்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

கோப்பையை ஜெயித்தவள் அம்பிகா என்ற பெண். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பி.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள், வரதராஜன்பேட்டைக்காரி. மேடையில் கோப்பையைக் கொடுக்கிற நேரத்தில் நல்லதம்பியின் முகம் கருத்துப்போயிருந்தது. மைக்கைப் பிடித்ததும் ஏதோ நினைவுக்கு வந்து அது மலர்ந்தது. ஜெயங்கொண்டம் அடங்கிய அரியலூர் மாவட்டத்தைக் கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்திருந்த சமயம் அது. "கப்பு நம்ம மாவட்டத்தை விட்டு வெளிய போகல! அதுக்குத்தான் இந்த விழாவே!" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது.

மறுநாள் குழந்தைவேல் அறையில் விசாரணை. அருள்முருகன் குமுறினான். "கேள்வியை மாத்திட்டாங்க சார்!"

"விடையைக் குடுக்கச் சொன்னீங்க, குடுத்தேன்" என்றாள் புவனேஸ்வரி. "கேள்வியை மாத்தக் கூடாதுன்னு நீங்க சொல்லலீங்களே சார்."

குழந்தைவேல் பேனாவைத் திறந்தார், மூடினார். குற்றத்தை எழுத வேண்டுமானால் விடையைக் கொடுக்கச் சொன்னதையும் எழுத வேண்டும். சும்மா விடவும் மனமில்லை. கடைசியில் அப்பாவை அழைத்துவரச் சொன்னார்.

சாமிக்கண்ணு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் மகளைப் பார்த்ததும், "கிளப்பு வேணாம்னு அப்பவே சொன்னேன்ல? எவ்வளவு விட்ட?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

உள்ளே குழந்தைவேல் குற்றச்சாட்டைப் படித்தார். விழாவன்று வரவேற்பில் பன்னீர் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. பொறுப்பற்ற செயல். அதனால் இணைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கம்.

சாமிக்கண்ணு கொஞ்ச நேரம் மற்ற குற்றங்களுக்காகக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. "பன்னீர் தீந்துபோனதுக்கா சார், வெங்காயக் காட்டுல வேலைக்கு ஆளு விட்டுட்டு நான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன்?" என்றார். "சொல்லியிருந்தா ஒரு பாட்டில் வாங்கியாந்திருப்பேனே."

குழந்தைவேல் மேஜை மணியை அடித்தார். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

பதவி போனது புவனேஸ்வரிக்கு வசதியாகப் போயிற்று. பதவியில் இருந்த வரை வெளிப் போட்டிகளுக்குப் போகக் கூடாது. இங்கே வரவேற்புக்கு ஆள் வேண்டும். இப்போது யாரும் தேடவில்லை. திருச்சியில் நடந்த போட்டி ஒன்றில் அவளும் அம்பிகாவும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தார்கள். அம்பிகா மூன்றாவதாக வந்தாள். புவனேஸ்வரி அந்த வரிசையிலேயே இல்லை. ஆனாலும் அவள் எழுதியது முதல் தடவையிலேயே ஓடியது. திரும்பி வருகிற பஸ்ஸில் இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள்.

படிப்பு முடிந்தபின் அருள்முருகன் அதே கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து, மன்றத்தின் பொறுப்பாசிரியர் ஆனான். அவனை விடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்தான். புவனேஸ்வரிக்குச் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. அவள் படம் கல்லூரி விளம்பரத்தில் 'மன்றம் உருவாக்கிய மாணவி' என்று இரண்டு வருஷம் வந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் கண்டுகொள்ளவில்லை.

2006இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமிக்கண்ணு போனில் கேட்டார்: "அங்க உனக்கு என்னதாம்மா வேலை? இங்க கேக்கறவங்களுக்குச் சொல்லத் தெரியல."

"மத்தவங்க எழுதின புரோகிராமுல எங்க தப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்ப்பா."

"அதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?"

"ஆமாப்பா."

"உங்கம்மா கேட்டா விட மாட்டா. இத்தனை வருஷமா இங்க சும்மாவே செஞ்சிட்டிருக்கா."

பின்னாலிருந்து அம்மாக்கண்ணு என்னவோ சொன்னது கேட்டது. புவனேஸ்வரி சிரித்து முடிப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு, "நேரத்துக்குச் சாப்புடறியா?" என்று ஆரம்பித்துவிட்டாள்.