அம்மாவின் பாய்க்கு அடியில்

நனைந்த கோணிச்சாக்கும் உப்புக்காற்றில் துருவேறிய தகரமும் சேர்ந்து வீசும் ஒரு நாற்றம் எங்காவது மூக்கில் ஏறினால், சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த ‘கொட்டாயும்’ அதற்குள் தகரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகமும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. மாதத்தில் மூன்று நாள் அம்மா ‘தூரம்’. அந்த நாட்களில் அவள் அடுப்படிக்குள் வரக்கூடாது. அவளுடைய தட்டு, சொம்பு, பாய் எதையும் யாரும் தொடக்கூடாது. சமையல் அப்பாவின் அக்காவான அத்தையுடையது. பகலெல்லாம் அங்கன்வாடியில் ஆயாவாகப் பிள்ளைகளுக்குச் சோறு வடித்துப் போட்டுவிட்டு வருகிற அம்மா, வீட்டில் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு குடிக்கக்கூடாதாம். ஆறாம் வகுப்புப் படித்த எனக்கே அந்தக் கணக்கு உதைத்தது.

அந்த வருஷம் இன்னொரு கணக்கும் உதைக்க ஆரம்பித்தது. அம்மாவுக்குத் தூரம் அடிக்கடி வந்தது. நாள்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். போன தூரத்திலிருந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அத்தையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். கூடுதல் சமையல் அவள் தலையில் அல்லவா விழுகிறது.

“இன்னாடி, போன வாரந்தான தலைக்கு ஊத்திகின?”

“இன்னா பண்றது அண்ணி, ஒடம்பு அப்டி கீது.”

“ஒடம்பு அப்டி கீதா, இல்ல அடுப்பாண்ட வர்றதுக்கு நோவுதா?”

அம்மா கொட்டாய்க்குப் போய்விட்டாள். எனக்கோ வேறு சந்தேகம். பக்கத்துத் தெருவில் ஒருத்தி இப்படித்தான் எதையும் வெளியே சொல்லாமல் மெலிந்து மெலிந்து செத்துப்போயிருந்தாள். அம்மாவும் அப்படி எதையோ மறைக்கிறாள் என்று முடிவுகட்டி, ஒரு சாயங்காலம் அவள் குளிக்கப் போன நேரத்தில் உள்ளே நுழைந்து, தொடக்கூடாத அந்தப் பாயைத் தூக்கினேன். மாத்திரை இருக்கும் என்று நினைத்த இடத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இருந்தது. கூடவே, தொலைத்துவிட்டதாக நான் அடிவாங்கிய என் பழைய நோட்டு. பாதிக்கு மேல் அம்மாவின் கையெழுத்து.

திரும்பி வந்த அம்மா என்னைப் பார்த்து முதலில் வெளுத்துப்போனாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “தொட்டுட்ட இல்ல? இப்ப நீயும் தூரந்தான். ஒக்காரு. இந்த சூத்திரத்தையெல்லாம் நீ கேளு, நான் பாக்காம சொல்றேன்” என்றாள்.

பத்தாவதில் கணக்கில் மட்டும் தவறி, அதோடு கல்யாணமாகி வந்தவள் அவள். அதை எழுதித் தேறிவிட்டால் ஆயா வேலையிலிருந்து அங்கன்வாடி டீச்சர் ஆகலாம். வெளிப்படையாகக் கேட்டபோது, “புள்ள பெத்தவளுக்குப் பரீட்ச ஒரு கேடா?” என்று அத்தை அடக்கிவிட்டாள், அப்பா வாய் திறக்கவில்லை. வீட்டில் ஒருவரும் கைவைக்காத இடம் அந்தப் பாய்க்கு அடி ஒன்றுதான். வராத தூரத்தை வந்ததாகச் சொன்னால்தான் அடுப்படியை விட்டுப் படிக்க நேரமும் கிடைத்தது.

பரீட்சை செங்கல்பட்டில். அன்றும் அம்மா ‘தூரம்’தான். பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருவதாக அவள் கிளம்ப, “நானும் வரேன். டாக்டரு இன்னா சொல்றாருன்னு நானே கேக்கறேன்” என்று அத்தையும் செருப்பைப் போட்டாள். அம்மா அசையவில்லை. “வா அண்ணி. பஸ்ஸு கூட்டமாத்தான் வரும், என்ன ஒட்டிகினு ஒக்காரணும். பரவால்லியா?”

அத்தை செருப்பைக் கழற்றினாள். “டேய், நீ போடா. எல்லாத்தையும் பாத்துகினு வந்து எங்கிட்ட சொல்லு. வந்ததும் தல முழுவிட்டு உள்ள வா.”

ஒற்றனாகப் போனவன் பரீட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் வேர்க்கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து, சத்து மாத்திரை போதுமாம் என்றேன். அத்தை என்னை வெகுநேரம் பார்த்தாள். நம்பினாளா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

அம்மா இப்போது டீச்சர். அத்தை இறந்துபோனாள், கொட்டாயை இடித்து டைல்ஸ் போட்ட குளியலறை கட்டிவிட்டோம், ‘தூரம்’ என்ற சொல்லே வீட்டில் இல்லை. போனது நல்லதுதான், அந்தக் கொசுக்கடியும் தள்ளிவைத்த தட்டும் எந்தப் பெண்ணுக்கும் வேண்டாம். ஆனாலும், வீட்டையும் வேலையையும் பெண்கள் சரிசமமாகத் தாங்குகிறார்கள் என்று மகளிர் தின மேடையில் யாராவது பேசும்போது, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி பார்த்தவன் என்ற முறையில் நானும் கைதட்டிவிட்டு, உள்ளுக்குள் அந்தப் பேச்சைச் சந்தேகப்படுகிறேன்.

என் மனைவிக்குப் பொத்தேரியில் வேலை. ரயிலும் பஸ்ஸும் மாறி ஏழரைக்கு வந்து, பையை வைத்த கையோடு அடுப்படிக்குள் போகிறாள். அரசுத் தேர்வுக்கு அவள் வாங்கிய புத்தகம் பிரிஜ்ஜின் மேல் உறை கிழிக்காமல் கிடக்கிறது. போன வாரம் இந்தக் கதையை அம்மாவே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி மட்டும் சிரிக்காமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அந்தக் கொட்டாய இன்னாத்துக்குங்க இடிச்சீங்க?”