எண்ணாத ஓட்டு

என் மனைவி ஒரு காலத்தில் தேர்தலில் நின்றாள் என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். எண்பதுகளின் நடுவில், சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த நெசவாளர் தெருவில், விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்கும். நியாயம் பேச வேண்டியிருந்தால் பெண்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் அப்போது ஒரு தறிக்கொட்டகையில், எங்கள் பேச்சில் செட்டில், தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். செட்காரர் எனக்குத் தூரத்து உறவு. அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு கட்சிக்கு அவர்தான் எங்கள் வார்டில் எல்லாம். எதிர்க்கட்சிக்கு, தெரு முக்கில் டீக்கடை வைத்திருந்தவர். இருவரும் பல வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. தெருவும் அப்படியே இரண்டாகப் பிளந்து கிடந்தது. வேட்டியில் எந்தக் கட்சிக் கரை என்று பார்த்துத்தான் டீக்கடைக்குப் போவது, முடி வெட்டப் போவது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டால் எங்கள் தெருவில் மட்டும் இரண்டு பந்தல். கட்சி மாறிப்போன மருமகனைத் தலைத்தீபாவளிக்கு அழைக்காத வீடுகூட உண்டு.

ஊரில் கவுன்சிலர் என்று யாரும் இல்லாமல் நெடுங்காலம் ஓடிவிட்டிருந்தது. பழைய கவுன்சில் போன பிறகு தேர்தலே வைக்கவில்லை. எங்கள் தெருக் குழாயடியில் ஒரு குழி, அதற்குள் இறங்கித்தான் குடிதண்ணீர் பிடிப்போம். பக்கத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டால் குழிக்குள்தான் வரும். அந்தக் கோடையில் தெரு முழுக்க மஞ்சள் காமாலை. பக்கத்து வீட்டு மதினியின் சின்ன மகள் அதில் போய்விட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அப்போதுதான் போக ஆரம்பித்திருந்த பிள்ளை. என் மனைவியின் மடியில்தான் அது அதிக நேரம் கிடக்கும்.

சாவு வீட்டுக்கு இரண்டு கட்சியும் மாலை கொண்டுவந்தது. யார் மாலை முதலில் என்று வாசலில் தள்ளுமுள்ளு. சாக்கடையை அடைத்தது உன் ஆள் கட்டின கட்டடம் என்று செட்காரர், நீ போட்ட கல்பாலம் என்று டீக்கடைக்காரர். உள்ளே பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் மனைவி வெளியே வந்து, "ரெண்டு பேரும் மாலையத் தூக்கிட்டுப் போங்க. பிள்ளைக்குக் கட்சி கிடையாது" என்றாள். அன்றைக்கு அவள் நின்ற நிற்பில் இருவரும் மாலையோடு திரும்பிப் போனார்கள்.

சில மாதத்தில் தேர்தல் அறிவித்தார்கள். மதினிதான் முதலில் சொன்னாள். "ஏட்டி, நீ நில்லு. எம்புள்ளைக்காகவாவது நில்லு." என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்குப் பயம்தான். ஆனாலும் அந்தப் பிள்ளையை அடக்கம் பண்ண என் கையில் தூக்கிப் போனவன் நான். வேண்டாம் என்று வாயில் வரவில்லை.

செட்காரரும் டீக்கடைக்காரரும் அவரவர் கட்சிக்கு நின்றார்கள். இவள் சுயேச்சை. குடைச் சின்னம். மேடை கிடையாது, மைக் கிடையாது. பெண்கள் கூட்டமாகக் கிளம்பி வீடு வீடாகப் போனார்கள். எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாதது, அந்தக் கூட்டத்தில் இரண்டு கரை வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். புருஷன்மார் வெளியே முறைத்துக்கொண்டு திரிய, உள்ளே பெண்கள் குடைக்கு என்று சத்தியம் பண்ணிக்கொடுத்தார்கள். ஜெயித்துவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதுதான் வினையாயிற்று.

செட்காரர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏலே, ஒம்பொண்டாட்டிட்ட சொல்லி வாபஸ் வாங்கச் சொல்லு."

"அவ கேக்க மாட்டா அண்ணாச்சி."

"அப்ப நீ நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம். நான் சொன்னா நீ கேப்பேல்லா?"

வீட்டில் வந்து சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "நான் வாங்கிருதேன்னு வையுங்க. மதினி மொகத்துல எப்படி முழிக்க?" என்றாள். பிறகு குரல் தணிந்து, "ஒங்களுக்குப் பயமா இருந்தா சொல்லுங்க" என்றாள். இருக்கிறது என்றேன். "எனக்கும் இருக்கு" என்றாள். மறுநாளிலிருந்து நான் புளியங்குடிக்குப் பஸ் ஏறினேன். எலுமிச்சை மண்டியில் மூட்டை கட்டும் வேலை. தறியில் நின்ற கைக்கு அது ஒத்துவரவில்லை. காய்ச்சாறு பட்டு விரல் வெடிப்பெல்லாம் எரியும்.

வாக்குப்பதிவு பள்ளிக்கூடத்தில். நான் அவளுக்கு ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்திருந்தேன். காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வெயில் ஏறுகிற நேரத்தில் செட்காரரின் ஆட்கள் கும்பலாக உள்ளே வந்தார்கள். அப்போது நான் பார்த்ததை இதுவரை மறக்க முடியவில்லை. டீக்கடைக்காரரின் ஏஜெண்டு, செட்காரர் நிழல்கூட மேலே படக் கூடாது என்று திரிகிறவன், எழுந்து சட்டையைச் சரிபண்ணிக்கொண்டு, "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று சிரித்தபடி வெளியே போனான்.

எனக்கு விளங்கிவிட்டது. கத்தினேன். இரண்டு பேர் என் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி வெளியே போட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். வாசலில் நின்ற போலீஸ்காரர் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். கட்டுக்கட்டாகச் சீட்டைக் கிழித்து முத்திரை குத்திப் பெட்டியில் போட்டார்கள். தேர்தல் அதிகாரி வெளியூரிலிருந்து வந்த இளவயது வாத்தியார். தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். 

கதவு திறந்தபோது என் மனைவி பெண்கள் வரிசையில் முன்னால் நின்றாள். உள்ளே போனாள். வாத்தியார் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒங்க ஓட்டு போட்டாச்சும்மா."

"சார், நான்தான் நிக்கேன். இந்தா வெளியே நோட்டீசுல எம்பேரு இருக்கு. எனக்கு நான் போடாம வேற யாரு போட்டது?"

அவர் நிமிரவில்லை. "வேணும்னா தனியா ஒரு சீட்டு தாரேன். ஒங்க பேருல கவர்ல வச்சிருவோம். ஆனா அதை எண்ண மாட்டாங்க."

"எண்ணாத ஓட்ட எதுக்கு சார் நான் போடணும்?"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. சின்னப் பையன், என்ன செய்வான் பாவம் என்று பிற்பாடு அவளே சொன்னாள். அவளுக்குப் பின்னால் மதினி, மதினிக்குப் பின்னால் தெருப் பெண்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே போய் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

இந்த வார்டு எனக்கு, அடுத்த வார்டு உனக்கு என்று செட்காரரும் டீக்கடைக்காரரும் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வார்டில் டீக்கடைக்காரரின் தம்பி ஜெயித்தபோது ஊருக்கே தெரிந்துவிட்டது. எங்கள் வார்டில் செட்காரர் ஜெயித்தார். குடைக்கு விழுந்த ஓட்டு, அவளோடு வீடு வீடாக நடந்த பெண்களின் எண்ணிக்கைக்குக்கூடக் காணாது.

இதற்கு மேலாவது தெருவுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும் அல்லவா? அன்று சாயங்காலமே தெருவில் கல் பறந்தது. எங்கள் ஓட்டை உன் கட்சிதான் போட்டது என்று ஒரு பாதி, உன் ஆள் விலை போனான் என்று மறு பாதி. ஏமாந்தவனும் ஏமாந்தவனும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஏமாற்றிய இருவர் வீட்டுக் கதவிலும் ஒரு கல் விழவில்லை. போலீஸ் வந்து கையில் அகப்பட்ட பையன்கள்மேல் கேஸ் போட்டது. மதினியின் மூத்த மகன் பெயரும் அதில் ஏறியது. அவன் கல் எறிந்தானா என்று எனக்குத் தெரியாது.

திருநெல்வேலியில் ஒரு வக்கீல், வழக்குப் போடலாம் என்றார். "ஓட்டுப் பறிபோனவங்க கூண்டுல ஏறிச் சொல்லணும். அது போதும்" என்றார். முதலில் தெருவே வருகிறேன் என்றது. வாய்தா மேல் வாய்தா போனது. என் மனைவி ஒவ்வொரு வீடாகத் திரும்ப நடந்தாள். ஓட்டுக் கேட்டுப் போனபோது திறந்த கதவுகள்தான்.

"எங்கிட்ட இருந்து புடுங்குனது உண்மைதான். ஆனா நம்ம கட்சியப் பத்தி கோர்ட்டுல போயி எப்படிச் சொல்ல? எதிராளி சிரிப்பாம்லா?" என்று ஒருத்தி. இன்னொரு கரை வீட்டிலும் அதே பேச்சு. ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார்: "எவனோ எம்பேர்ல போட்டான். சரி, எங்கட்சிக்குத்தானே போட்டான்?"

அந்தப் பேச்சைக் கேட்ட அன்றைக்கு நான் உள்ளுக்குள் உடைந்துபோனேன். செட்காரர் என்னை வேலையைவிட்டு நிறுத்தியபோது இப்படி ஆகவில்லை.

கடைசியில் மதினி ஒருத்திதான் மிச்சம். "எல்லாரும் போனாலும் நான் வருவேம்ட்டி" என்றாள். விசாரணை அன்று காலை பஸ்ஸில் மூவரும் போனோம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வழி முழுக்க மதினி என் மனைவியின் கையை விடவில்லை. அவளுக்குத் தைரியம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மதினி கூண்டில் ஏறினாள். எங்கள் வக்கீல் கேட்டார்: "அன்னைக்கு நீங்க ஓட்டுப் போட்டீங்களா?"

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "போட்டேன்" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நான்தான் போட்டேன் சார். எங்கையாலதான் போட்டேன்."

வக்கீல் கேஸ் கட்டை மூடி வைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். என் மனைவி மதினியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். சாட்சியத்தால் நிரூபிக்கவில்லை என்று சில நாளில் வழக்குத் தள்ளுபடி ஆயிற்று.

திரும்பும் பஸ்ஸில் மதினி தனியாக முன்னால் போய் உட்கார்ந்தாள். தேவர்குளம் தாண்டியதும் எழுந்து கம்பியைப் பிடித்தபடி எங்களிடம் வந்தாள்.

"நேத்து செட்காரவுக ஆளுக வீட்டுக்கு வந்தாக. நீ சொல்லிட்டா ஒம்மகன் பேரு கேசுல இருக்கும், சொல்லலன்னா எடுத்துருவோம்னாக. ஒரு புள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டேன். இவனையும் ஜெயிலுக்குக் குடுக்கச் சொல்லுதியா?"

என் மனைவி நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க மதினி. பஸ்ஸு ஆட்டுது" என்றாள்.  மதினி உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். 

அதற்குப் பிறகு அவள் யார் வீட்டு நியாயத்துக்கும் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம், எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்பாள். மதினியோடு பேச்சு நிற்கவில்லை. குழம்பு கொடுப்பதும் வாங்குவதும் நடந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரை இருவரும் ஒருவர் முன் ஒருவர் சொல்வதில்லை. குழாயடிக் குழி பிறகும் அப்படியேதான் கிடந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கப் பழகிக்கொண்டோம்.

எண்பதுகள் முடியும் சமயத்தில் பெரிய தேர்தல் ஒன்று வந்தது. காலையில் அவள் குளித்து, சமைத்து, முற்றத்தில் அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள். "வாரியா?" என்றேன். "நீங்க போயிட்டு வாங்க" என்றாள். நான் மட்டும் போனேன். வரிசை நகர நகர முன்னால் நிற்பவர் தோளுக்கு மேலாகப் பட்டியலை எட்டிப் பார்த்தேன்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஓட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

யாருக்குப் போட்டேன் என்று அவள் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் இல்லை, அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் யாரிடமும் அவள் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் இன்றைக்கும் ஓட்டுச்சாவடிக் கதவு திறக்குமுன்பே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றுகொள்கிறேன். வாக்காளர் பட்டியலில் என் பெயருக்கு நேரே கோடு விழாமல் இருப்பதைக் கண்ணால் பார்க்கும் வரை மை வைக்க விரலை நீட்டுவதில்லை.