பூஜ்யத்தை எண்ணாத ஸ்தாமென்கா

ஸ்தாமென்கா அத்தை பாலாடையை மரக்கரண்டியால்தான் எடுப்பாள். நோவி சாத் நகரச் சந்தையில் முப்பது வருடமாக அவளுக்குக் கடை. அதற்கு முன் அரசுக் கடையில் காசாளர். கணவர் போன பிறகு அவளுடைய பேச்சு, சண்டை, சிரிப்பு எல்லாமே அந்த நான்கடி மேசைக்குப் பின்னால்தான்.

அந்த மேசையை அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போவதாக அவள் மகன் நெபோய்ஷா எங்கள் அலுவலகத்துக்கு வந்து சொன்னான். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, கைபேசியில் டிஜிட்டல் நாணயம் செலுத்தும் செயலி ஒன்றைச் செய்யும் சின்ன நிறுவனத்தில் நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வடக்கேயிருந்து வந்து குடியேறிய இளைஞர்கள் பலரும் அத்தையிடம் அதில்தான் பணம் தருவார்கள்.

"அம்மா மூணு மாசத்துல பதினோரு தடவை கம்மியா வாங்கியிருக்காங்க. தேங்க்ஸ் சொல்லி அனுப்பியிருக்காங்க," என்றான். "உங்க செயலியில தப்பு இல்லன்னு எழுதிக் குடுங்க. அவங்களுக்கு ஞாபகம் தப்புதுன்னு டாக்டர்கிட்ட காட்டணும். வெள்ளிக்கிழமை கடையை என் பேருக்கு மாத்திடுவேன்."

கெட்டவன் இல்லை அவன். பயந்திருந்தான்.

மறுநாள் நான் சந்தைக்குப் போனேன். கைபேசியில் இரண்டு தொகைகளை அத்தையிடம் காட்டினேன். 0.00045. பிறகு 0.000045.

"எது அரைக்கிலோவோட விலை, அத்தை?"

"ரெண்டும்தான். நாற்பத்தஞ்சு."

"நடுவுல பூஜ்யம் கூடுதலா இருக்கே?"

"பூஜ்யத்தை யாரு எண்ணுவா?" என்று சிரித்தாள். "தொண்ணூத்திமூணுல நம்ம பணம் செல்லாக்காசா போனப்போ நீ பொறக்கவே இல்ல. காலையில ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. கல்லா மிஷின்ல பூஜ்யம் போட எடமே பத்தல. அட்டையில முன்னாடி இருக்கிற நம்பரை மட்டும் எழுதுவோம். மிச்சம் எல்லாருக்கும் தெரியும். பூஜ்யத்தைப் பாத்தா பைத்தியம் பிடிச்சிருக்கும், பொண்ணே. அதனால பாக்கிறதை விட்டுட்டோம்."

பக்கத்துக் கடையில் மிளகாய் விற்கும் ஸ்வெதோசாரிடம் காட்டினேன். அவரும் "நாற்பத்தஞ்சு" என்றார்.

அலுவலகத்தில் சின்ன அலகு ஒன்றுக்குப் பெயர் வைக்கச் சொல்லி இரண்டு வாரமாக என்னைத்தான் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். நாணயத்தைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் வரும் மிகச் சிறிய துண்டு அது. எங்கள் முதலாளி இல்யா 'மணி' என்ற பெயரை ஒத்துக்கொண்டான், தானிய மணி. சோதனைக்காக என் கைபேசியில் அதைப் போட்டுக்கொண்டு புதன்கிழமை ஓடினேன். திரையில் அரைக்கிலோ பாலாடை: 45,000 மணி.

அத்தையின் முகம் சுருங்கியது. ஸ்வெதோசார் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, மறுபடியும் ஆயிரமா? ஸ்தாமென்கா, மூடு கடையை! நாளைக்கு லட்சம் கேப்பாங்க!"

"எடுத்துட்டுப் போ அதை," என்று அத்தை பாத்திரத்தின் மேல் துணியை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அவளே: "ஆயிரம் மணியை ஒரு கையில அள்ளினா என்ன?"

"ஒரு பிடி?"

"அப்போ பிடின்னு வை. நாற்பத்தஞ்சு பிடி. வாய்க்குள்ள அடங்குது பாரு."

இரண்டு பெயர் இருந்தால் குழப்பம் என்று இல்யா ஒரு மணி நேரம் வாதாடினான். வியாழன் மாலை அத்தையின் கைபேசிக்கு மட்டும் 'பிடி'யைப் போட அனுமதி தந்தான்.

வெள்ளிக்கிழமை நெபோய்ஷா படிவத்தோடு வந்தான். நான் எதுவும் எழுதித் தரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார் என்று மட்டும் சொன்னேன். காதில் பாட்டு மாட்டிய ஒரு பையன் அரைக்கிலோ வாங்கி, கைபேசியைத் தட்டிவிட்டுத் திரும்பினான்.

"ஏ, ராசா! நாலரை பிடி போட்டிருக்கே. பாக்கி நாற்பதரையை யாரு, உங்க தாத்தா குடுப்பாரா?"

பையன் சிவந்துபோய் மீதியை அனுப்பினான். ஸ்வெதோசார் கைதட்டினார். நெபோய்ஷா தாயையே பார்த்தபடி நின்றான். "மன்னிச்சுக்கம்மா," என்றான். படிவத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்தான். கிழிக்கவில்லை. அவளும் அதைக் கவனித்தாள்.

அவன் போன பிறகு எனக்கு ரொட்டியில் பாலாடை தடவித் தந்தாள். சந்தையில் கூட்டம் குறைந்திருந்தது.

"அந்தப் பதினோரு தடவையையும் நீ பாத்தியா?"

"பாத்தேன், அத்தை."

"எல்லாமே பூஜ்யம்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒன்பது," என்றேன்.

"மத்த ரெண்டு?"

"நாற்பத்தஞ்சு வரணும். பதினஞ்சு வந்திருக்கு. அது பூஜ்யத்தால இல்ல. ரெண்டும் போன மாசம்."

மரக்கரண்டியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். விலை அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் 45 என்று பெரிதாக எழுதி, வாங்குபவர்களுக்குத் தெரியாமல் தன் பக்கமாகத் தராசின்மேல் சாய்த்து வைத்தாள்.

"நெபோய்ஷாகிட்ட நானே சொல்றேன்," என்றாள். "இந்த வாரம் வேண்டாம்."